அன்னபுஷ்பத்தின் உப்பு நேர்ச்சை

எங்கள் அண்ணி அன்னபுஷ்பம் பச்சடி கலந்தால் அதில் தயிர் இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இப்போது பச்சடி என்றாலே தயிரைக் கொண்டுவந்து ஊற்றிவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. இது சுட்ட மீனுக்குத் தொட்டுக்கொள்கிற பச்சடி. ஏரி வற்றின இடத்தில் விளைகிற வெள்ளரிப் பிஞ்சு, புளிப்பு மாங்காய், சின்ன வெங்காயம், இளசான முள்ளங்கி, எல்லாவற்றையும் மெல்லிசாக அரிந்துகொள்வாள். வறுத்த மிளகாய், மிளகு, சீரகம் மூன்றையும் ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து மூடி வைப்பாள். உப்பு மட்டும் போடமாட்டாள். மீன் நெருப்பைவிட்டு இறங்குகிற நேரத்தில்தான் கல்லுப்பைக் கையில் நொறுக்கித் தூவுவாள். முன்னாலேயே போட்டால் காய் தண்ணீர் விட்டுத் தொய்ந்துபோகும். அவள் கலந்தபடிதான் சரி. வேறு யார் எப்படிச் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

சித்திரைக் கடைசியில் பிள்ளைப்பாக்கம் ஏரி வற்றிக் குட்டையாகிவிடும். அப்போது ஒரு நாள் குறித்து எல்லோரும் மீன் பிடிக்க இறங்குவோம். மாதா கோயில்காரர்கள், மாரியம்மன் கோயில்காரர்கள் என்று பார்ப்பதில்லை. விராலுக்கு மஞ்சளும் மிளகாயும் தடவி, வேலிகாத்தான் கட்டை நெருப்பில் கரைமேலேயே சுடுவோம். சுடுவது ஆண்கள் வேலை. என் அண்ணன் பெரியநாயகம்தான் நெருப்பு முன்னால் நிற்பார். அவருடைய பெண்சாதிதான் நான் சொல்கிற அன்னபுஷ்பம்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, யேசுராஜ். அவனுக்கு ஏர் பிடிக்கப் பிடிக்காது. சுங்குவார்சத்திரத்துக்குப் போய் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கிளீனர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு மீன்பிடி நாளில் அப்பாவிடம் கேட்டான். அண்ணன் அத்தனை பேர் எதிரிலும், "லாரியில ஏர்றதுனா அப்டியே போயிடு, என் வூட்டு வாசப்படிய மிதிக்காத" என்றார். பையன் கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு நடந்தான். விஜயவாடாப் பக்கம் வண்டியில் போகிறான் என்று ஒரு தரம் தகவல் வந்தது. அப்புறம் எதுவும் இல்லை.

அடுத்த பெரிய வெள்ளியன்று அண்ணி சிலுவைக்கு முன்னால் முழங்காலிட்டு நேர்ந்துகொண்டாள். பிள்ளை வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறவரைக்கும் என் வாயில் உப்புப் படாது என்று. எங்கள் சனம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து நாற்பது நாளும் இறைச்சியை விடும், சிலபேர் வெற்றிலையை விடுவார்கள். அதற்கு முடிவு உண்டு. உயிர்த்த ஞாயிறு வந்தால் தீர்ந்தது. இவள் முடிவு தெரியாத நேர்ச்சையாக எடுத்துக்கொண்டாள்.

தனக்கு மட்டும் தனியாகக் கஞ்சி காய்ச்சுவாள். வருஷா வருஷம் ஏரிக்கரையில் பச்சடி கலப்பதை மட்டும் விடவில்லை. ருசி பார்க்காமலே உப்புப் போடுவாள். ஒருநாளும் கூடக்குறைய ஆனதில்லை. அடுத்த வீட்டு நடேசன் கேலி செய்வான். "ஊருக்கு உப்பு அளந்து போட்ற, உனுக்கு எப்டிம்மே அளவு தெரியுது?" என்பான். "என் கைக்கு நாக்கு கீதுடா, உனுக்குத்தான் வாய் மட்டும் கீது" என்பாள்.

வருஷங்கள் போகப் போக அவளுக்கு உடம்பு தாங்கவில்லை. நாற்று நடுகிற வெயிலில் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும்; மயங்கிச் சேற்றிலேயே உட்கார்ந்துவிடுவாள். ஸ்ரீபெரும்புதூர் டாக்டர், உப்பு சாப்பிடாமல் இந்த வெயிலில் வேலை செய்தால் ஒருநாள் விழுந்தவள் எழமாட்டாள் என்று அண்ணனிடம் சொன்னார். மாதா பார்த்துக்கொள்வாள் என்று இவள் சொல்லிவிட்டாள்.

அந்த வருஷம் பங்குனியில் லூர்துராஜ் என்கிற டிரைவர் அண்ணனைத் தேடி வந்தார். சுங்குவார்சத்திரம் டீக்கடையில் உட்காரவைத்துச் சொன்னார். நெல்லூர் தாண்டி லாரி கவிழ்ந்து யேசுராஜ் செத்துப்போய் மாசங்கள் ஆகின்றன. அங்கிருந்த மாதா கோயில்காரர்களே அடக்கம் செய்துவிட்டார்கள். அண்ணன் தன் வீட்டுக்குப் போகவில்லை. என் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அண்ணியிடம் சொல்லிவிடு என்றேன்.

"அவன் வருவான்னுதான் அந்தக் கஞ்சியவே குடிக்கிறா. சொன்னா அதையும் வுட்டுடுவா" என்றார்.

அதனால் முதலில் மாதா கோயில் சாமியாரிடம் போனார். விஷயத்தைச் சொல்லி, அவள் காதில் போடாமல் நேர்ச்சையிலிருந்து மட்டும் விடுவிக்கச் சொன்னார். சாமியார் வந்தார். உப்பை எடுத்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக ஜெபமாலை சொன்னால் போதும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அண்ணி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்க வுடலாம் சாமி. நான் வுட்டேன்னா, அவன் வரமாட்டான்னு நானே சொன்னா மாதிரி ஆயிடும்" என்றாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

சித்திரையில் மீன்பிடி நாள் வந்தது. கரைமேல் வெள்ளரிப் பிஞ்சு அரிந்துகொண்டிருந்தவள் பக்கவாட்டில் சரிந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்து உட்காரவைத்தோம். மீன் வெந்துவிட்டது, உப்பைக் கொண்டா என்றாள். உப்பை நொறுக்கக் கையில் வலு இல்லை. அண்ணன் நெருப்பை விட்டுவிட்டு வந்து அவள் எதிரில் குந்தினார்.

"வாயில போட்டுக்க அன்னம். அவன் வரமாட்டான்."

அவள் அவரையே பார்த்தாள். செத்துப்போனானா என்று கேட்கவில்லை.

"உனுக்கு எப்ப தெரியும்?"

"பங்குனில."

"அன்னிலேருந்து நீ உப்பு போட்டுத்தான் துன்னுகினு கீறியா?"

மீன் தீய்கிற வாடை வந்தது. நடேசன் ஓடிப்போய் இறக்கினான். அண்ணி உப்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, பச்சடியில் தூவிக் கிளறினாள். விரலால் எடுத்து நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது.

"கரிக்குது" என்றாள்.

பக்கத்திலிருந்த கிளியம்மாள் வாங்கித் தின்று பார்த்தாள். "இல்லக்கா, சரியாத்தான் கீது" என்றாள். நானும் தின்றேன். சரியாகத்தான் இருந்தது.

அண்ணி யாருக்கும் இலையில் வைக்கவில்லை. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கைநிறைய அள்ளி அள்ளித் தின்றாள். அழுகையும் தீனியும் சேர்ந்து வாயில் அடைத்தது. பிடுங்க யாருக்கும் கை எழவில்லை. அன்றைக்குச் சுட்ட மீனை நாய்கள்தான் தின்றன.

டாக்டர் சொன்னது மெய்தான். அடுத்த நடவுக்குள் காலில் முறுக்கு நின்றது, மயக்கம் நின்றது, பழையபடி வயலில் இறங்கினாள். அண்ணனோடு நெல்லூர்ப் பக்கம் போய்க் கல்லறையையும் பார்த்துவிட்டு வந்தாள். நல்லா தேறிட்டியே என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் போதும், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவாள்.