தலைகீழாக வெட்டிய பெயர்

ஏலத்தில் பொருள் வாங்க நினைப்பவன் வாயைத் திறக்கக் கூடாது. இது எனக்குத் தெரியாத சங்கதி அல்ல. துறைமுகத்தில், யாரும் கேட்டு வராத சரக்குகளை ஏலம் விடும் பிரிவில்தான் என் உத்தியோக காலம் பெரும்பாலும் கழிந்தது. வாங்க வருகிறவர்கள் பெட்டிகளைச் சுற்றி, செத்த எலி நாற்றம் அடித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு நடப்பார்கள். எந்தப் பெட்டியைப் பார்த்து முகம் அதிகமாகச் சுளிக்கிறதோ, அந்தப் பெட்டிக்குத்தான் கடைசியில் அடிதடி நடக்கும்.

நான் உட்கார்ந்திருந்தது எதிர்ப்பக்கம். விற்கிறவனுக்கு விதி வேறு. பட்டியலில் ஒரு பொருளைப் பற்றிய விவரம் பிழையாக இருந்தால், ஏலத்துக்கு முன்பே எழுத்து மூலம் திருத்த வேண்டும். பருத்தி என்று போட்டு உள்ளே பாலியெஸ்டர் இருந்தால் ஏலமே செல்லாது. அப்படித் திருத்தித் திருத்தியே பென்ஷன் வாங்கும் வயதுக்கு வந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு நானும் வாங்குகிற ஜாதியில் சேர்ந்தேன். பழைய பூட்டு, எடைக்கல், மைக்கூடு. எல்லாம் இணையதளங்களில். மயிலாப்பூரில் எங்கள் தெருமுனையை மெட்ரோக்காரர்கள் தகரம் வைத்து அடைத்த பிறகு, குளத்தங்கரைக்குப் போய்வருவதைவிட இங்கிலாந்தில் ஒரு ஏலத்துக்குப் போய்வருவது சுலபமாகிவிட்டது. பாஸ்போர்ட் நகல், வங்கிக் கடிதம், பாஸ்போர்ட்டைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்த ஒரு புகைப்படம். இவ்வளவும் கொடுத்தால் ஒரு எண் தருவார்கள். விதிமுறைகள் என்று பதினைந்து இருபது பக்கம் இருக்கும். ஒப்புக்கொள்கிறேன் என்று பொத்தானை அழுத்துமுன் அதை முழுக்கப் படித்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"இன்னொரு பூட்டா?" என்பாள் என் மனைவி, பார்சலைப் பார்த்ததும். "பூட்டி வைக்க நம்ம வீட்ல என்ன இருக்குன்னு வாங்கறீங்க?"

அவளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் தவழ ஆரம்பிக்கும் முன்பே அவளைப் பெற்றவள் போய்விட்டாள். அதே வருஷம் அப்பா மறுமணம் செய்துகொண்டார். பள்ளிச் சான்றிதழிலிருந்து எங்கள் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் தாயின் பெயர் என்று இருப்பது சித்தியின் பெயர். சித்தி கெட்டவள் அல்ல, ஒழுங்கானவள். பித்தளையைப் புளி போட்டுத் துலக்க ஆள் கிடைக்காது என்று மூத்தவளின் சீர்ப் பாத்திரங்களை எல்லாம் தெருவில் வந்த பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டு எவர்சில்வராக மாற்றிக்கொண்டாள். அந்தக் காலத்தில் மயிலாப்பூர் மொத்தமும் அதைத்தான் செய்தது. இதில் குற்றம் சொல்ல யாரும் இல்லை என்பதுதான் தொல்லை.

என் மாமியாரான அந்தப் பெற்றவளைப் பற்றி, பெயரைத் தவிர, என் மனைவிக்குத் தெரிந்தது அவள் அத்தை சொன்ன ஒரே ஒரு விஷயம். சீரில் ஒரு பித்தளைக் கூஜா வந்ததாம், ரயிலில் தண்ணீர் கொண்டுபோகிற திருகு மூடிக் கூஜா. கடையில் பெயர் வெட்டியவன் எந்த ஞாபகத்தில் இருந்தானோ, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துப் புள்ளிப் புள்ளியாக வெட்டிவிட்டான். அத்தை சொல்லிச் சிரிப்பாளாம்: "உங்கம்மா பேரைப் படிக்கணும்னா கூஜாவைக் கவுத்தாத்தான்டி முடியும்."

போன வருஷம் ஒரு மத்தியானம் லண்டனுக்கு வெளியே ஏதோ சிற்றூரில் இருக்கும் ஏலக் கடையின் பட்டியலை மேய்ந்துகொண்டிருந்தேன். எடைக்கல் தேடிப் போனவனுக்கு 'கோயில் சடங்குக்குரிய புனித நீர்க் கலசம், தென்னிந்தியா, பத்தொன்பதாம் நூற்றாண்டு, கழுத்தைச் சுற்றி மந்திரம் பொறிக்கப்பட்டது' என்று ஒன்று கண்ணில் பட்டது. படத்தில் இருந்தது கூஜா. எந்தக் கோயிலில் கூஜாவில் தீர்த்தம் கொடுக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினேன். புள்ளி எழுத்துகள். ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் மடிக்கணினியைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தேன்.

மாமியாரின் பெயர். முன்னால் அவள் தகப்பனாரின் இனிஷியல். பின்னால் மயிலாப்பூர்.

மனைவியைக் கூப்பிட்டேன். வெண்டைக்காய் நறுக்கிய கையோடு வந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள், கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தாள். பிறகு எழுத்துகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தினாள். திரையில் பிசுபிசுப்பு ஒட்டிக்கொண்டது. துடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

"இதை எப்படியாவது வாங்கிடுங்க" என்றாள். நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் எப்படியாவது என்று எதையும் கேட்டதில்லை.

அவர்கள் போட்டிருந்த உத்தேச விலை எனக்கு எட்டாததல்ல. ஆனால் மந்திரம் என்ற சொல் பயமுறுத்தியது. மந்திரம் என்று போட்டால் வெள்ளைக்காரன் ஒருவன் தியான அறையில் வைக்க ஆசைப்படுவான், அவனோடு போட்டிக்கு இன்னொருவன் வருவான். எங்கள் பாத்திரம் என்று உரிமை கோரவும் முடியாது. கோருகிறவன் ஆதாரம் காட்ட வேண்டும். அத்தை சிரித்தாள் என்பது ஆதாரம் ஆகாது. சொந்தப் பாசத்தைக் காட்டிக்கொண்டால் விலை இன்னும் ஏறும். ஆகவே ஒரு மூன்றாம் மனிதனைப் போல அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். எழுத்துகள் தலைகீழாக வெட்டப்பட்டிருக்கின்றன. பொறித்திருப்பது மந்திரம் அல்ல, ஒரு குடும்பப் பெண்ணின் பெயர். இது கோயில் பொருள் அல்ல, ரயில் கூஜா, நூறு வயதும் ஆகவில்லை. பட்டியலைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விலை இறங்கும் என்பது கணக்கு. ஆனால் எழுதி முடித்தபோது இருந்த திருப்தி கணக்குப் போட்டவனின் திருப்தி அல்ல, பிழையைக் கண்டுபிடித்தவனின் திருப்தி.

"அவங்களுக்கு எதுக்குங்க நாம சொல்லணும்?" என்றாள் மனைவி. "சும்மா இருந்தே வாங்கலாமே?"

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு" என்றேன்.

மறுநாளே நன்றி சொல்லிப் பதில் வந்தது. பட்டியலில் 'வீட்டு உபயோக நீர்ப் பாத்திரம், உரிமையாளர் பெயருடன்' என்று மாற்றியிருந்தார்கள். உத்தேச விலை பாதிக்கும் கீழே போயிருந்தது. அதை மனைவிக்குக் காட்டியபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க இப்போது பிடிக்கவில்லை.

ஏலம் நம் நேரப்படி சாயங்காலம். மனைவி முகம் கழுவி, புடவை மாற்றி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணினிக்குள் ஒரு ஆள் சுத்தியலோடு நின்று சளசளவென்று பேசிக்கொண்டிருந்தான். ஒரு வெள்ளி டீ ஜாடி போயிற்று. அடுத்தது எங்களுடையது. என் விரல் பொத்தானின் மேல் இருந்தது. அவன் எண்ணைச் சொன்னான், விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது என்றான், மூச்சுக்கூட விடாமல் அடுத்த எண்ணான குடை வைக்கும் தொட்டிக்குத் தாவினான்.

"நம்மது எப்ப வரும்?" என்று கேட்டாள் மனைவி.

விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவுதான். புனிதக் கலசம் என்று நம்பிக் கொடுத்தவர், திருத்திய விலையைப் பார்த்து மனம் நொந்து திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் யார் என்று சொல்ல விதியில் இடமில்லை. இதே வாக்கியத்தை எத்தனை பேரிடம், எவ்வளவு மரியாதையாக நான் சொல்லியிருக்கிறேன்! அதன் ருசி இப்போதுதான் தெரிந்தது. இம்முறை எதையும் மறைக்காமல், யாருடைய பெயர், யாருக்காகக் கேட்கிறேன் என்று முழுவதும் எழுதி, அந்த மனிதருக்கு அனுப்பிவைக்கச் சொன்னேன். அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அந்த மனிதரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இணையதளத்தில் கூஜாவின் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் மட்டும் இருந்தது.

தி.நகரில் ஒரு பின்தெருவில் பழைய சாமான் கிடங்கு வைத்திருக்கும் பாயைப் போய்ப் பார்த்தேன். துறைமுக ஏலத்துக்குத் தவறாமல் வந்து முகம் சுளித்தவர்களில் அவர் முக்கியமானவர். இப்போது மகன்கள் வியாபாரம் பார்க்கிறார்கள், இவர் மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா சார் நீ!" என்றார். "துட்டு குடுத்து வாங்கப் போறவன், மாலு டூப்ளிகேட்டுன்னு நீயே லெட்டர் போட்டுக்கினு கீறியா? உன்ன எவன் சார் கேட்டான்?"

"டூப்ளிகேட்டுன்னு சொல்லல பாய். என்னவோ அதைச் சொன்னேன்."

"அதான் சார் நானும் சொல்றேன். ஹார்பர்லயும் நீ இப்டித்தான். ஒரு தபா நான் எடுக்க வேண்டிய லாட்ட, டேமேஜ் ஐட்டம்னு எழுதிக் கெடுத்த." சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

"அது இனிமே கிடைக்குமா?"

"சாமி சொம்புன்னு வச்சிருந்தவன், வெறும் சொம்புன்னு தெரிஞ்சா வீட்ல வச்சிக்கினு இருப்பானா? உருக்கறதுக்கு வெயிட்டுக்குப் போட்டுட்டிருப்பான் சார். பித்தளை இப்ப நல்ல ரேட்டு." பிறகு குரலைத் தணித்து, "ஊட்ல அம்மாகிட்ட இத சொல்லாத" என்றார். டீ வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பழைய பித்தளைச் சாமான் விற்கும் இணையதளங்களில் ஒவ்வொரு கூஜாவாகத் தலைகீழாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர், கும்பகோணம், பாலக்காடு. யார் யாருடைய மாமியார்களோ. எல்லாருடைய பெயரும் நேராகத்தான் வெட்டியிருந்தது.

ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு மேஜையைத் துடைத்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "ஏங்க, அவங்களுக்கு இன்னொரு லெட்டர் போடுங்களேன்."

"என்னன்னு?"

"நீங்க சொன்னது தப்புன்னு. சரியாப் பார்க்காம எழுதிட்டேன், அது மந்திரம்தான்னு. பழைய மந்திரம், ரொம்ப உசத்தின்னு எழுதுங்க. அந்த ஆளுக்குச் சொல்லுவாங்க இல்ல? உருக்காம வச்சிருப்பான். நமக்கு வரலைன்னாப் பரவால்ல. எங்கேயாவது இருக்கட்டும்."

அப்போதுதான் புரிந்தது, பாய் சொன்னதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எழுதினேன். உத்தியோகத்திலும் வெளியிலும் தெரிந்தே பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமைக்குப் பழைய சாமான் கடையில் என்ன விலை கிடைக்குமோ தெரியாது. முந்தைய இரண்டு கடிதங்களிலும் அவசரப்பட்டு, ஆசையில் பெயர் என்று தவறாகப் படித்துவிட்டதாகவும், மறுபடி ஆராய்ந்ததில் அது அரிய மந்திரம் என்று தெரிந்ததாகவும், பாத்திரம் பாதுகாக்கப்பட வேண்டியது என்றும் எழுதினேன். மூன்று பத்தி. நன்றாகவே வந்திருந்தது. அவளுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். தலையாட்டினாள்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. என் அக்கறைக்கு மனமார்ந்த நன்றி. என் முதல் கடிதம் வந்தவுடனேயே, தமிழ் தெரிந்த ஒரு பேராசிரியரிடம் படத்தைக் காட்டி உறுதி செய்துகொண்டார்களாம். அது ஒரு பெண்ணின் பெயர்தான், ஐயமில்லை. அந்த விவரத்தை உரிமையாளருக்கும் தெரிவித்தாயிற்று. ஆகவே நான் வருந்த வேண்டியதில்லை.

மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன எழுதியிருக்காங்க?"

"நான் முதல்ல சொன்னதுதான் சரியாம்" என்றேன்.