பூமிக்கு ஒரு கரு

ஏழாம் வகுப்பில் பூமியின் உள்ளமைப்பு எனக்கு மண்டையில் ஏறவேயில்லை. உருகிக் கிடந்த பூமியில் கனமான இரும்பு அடியில் இறங்கிவிட்டதாம்; லேசானவை மேலே மிதந்து, ஆறி ஓடாகிவிட்டனவாம். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த செஞ்சி மலைப் பாறைகளைக் காட்டி, "இதுகூட உள்ள குழம்பா இருந்து இறுகினதுதான்" என்றார் டீச்சர். அன்று முழுவதும் அந்த மலையைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும்விட என்னைக் குழப்பியது புவிக்கரு. நட்டநடுவில்தான் சூடு அதிகம். ஆனால் அங்கேதான் இரும்பு உருகாமல் கட்டியாக இருக்கிறது. சுற்றியுள்ள அத்தனையும் சேர்ந்து அழுத்துவதால் அப்படியாம்.

பள்ளிக் கண்காட்சிக்கு அதைக் களிமண்ணில் செய்துவரச் சொன்னார்கள். அந்த வாரம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றுவலி என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். சமைத்துப்போட வல்லத்திலிருந்து அத்தை வந்திருந்தாள். நான் மண் பிசைந்துகொண்டிருந்தபோது அவள் போனில் யாரிடமோ மெதுவாகச் சொன்னாள்: "இந்த வாட்டியும் கரு தங்கலக்கா."

எனக்குத் தெரிந்த கரு ஒன்றுதான்.

"அம்மாவுக்கு உள்ள இன்னா கரு அத்த?"

"உன் வேலையப் பாரு" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் நைனா அம்மாவை வீட்டுக்கு அழைத்துவந்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயம் காயாத என் பூமியைப் பாதியாக அறுத்து அவளிடம் எடுத்துப்போனேன். அது அவளுக்கு உதவும் என்று நிஜமாகவே நம்பினேன்.

"இங்க பாரும்மா, இது மேலோடு, இது கவசம். நடுவுல செவப்பா இருக்குதே, அதான் கரு. எவ்ளோ சூடானாலும் கலையாது. சுத்தி எல்லாம் இறுக்கிப் புடிச்சிக்கினு இருக்குது, அதனால. நீ இறுக்கிப் புடிக்கலயா?"

அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"புடிச்சிக்கினுதான்டி இருந்தேன்" என்றாள்.

பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிய ஈரமண் நசுங்கி, அவள் நைட்டியெல்லாம் சாயமானது. டீ டம்ளரோடு வாசலில் நின்ற நைனா உள்ளே வராமல் அப்படியே திரும்பிப் போனார்.

கண்காட்சிக்கு இனி எதைக் கொண்டுபோவது என்ற கவலைகூட எனக்கு அப்போது வரவில்லை. பாடத்தைத் தப்பாகச் சொல்லித்தான் அம்மாவை அழவைத்துவிட்டேன் என்று பயந்துபோனேன். ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்துப் பார்த்தேன்.

நான் சொன்னது எல்லாமே சரியாகத்தான் இருந்தது.