சேவ் செய்யாத சைகைகள்

எதைக் கண்டாலும் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அந்தத் தையல்காரம்மாவுக்குத் தலை வெடித்துவிடும். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றித் திரும்ப மாட்டியபோது மிஞ்சிய திருகாணி இன்னும் பொத்தான் டப்பாவில் கிடக்கிறது. "விட்டா என்னையும் பிரிச்சுப் பார்ப்பா" என்பார் கணவர். ஆனால் மகள் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரை மட்டும் அம்மா கழற்றவில்லை. அதற்குள் அவருடைய அண்ணனின் பாஷை இருந்தது.

அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை. சிறுவயதில் அவரும் தங்கையும் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட சைகைகள் வேறு யாருக்கும் புரியாது. இப்போது அந்தத் தங்கைக்கு, அதாவது அம்மாவுக்கு, இடுப்பில் ஆபரேஷன். மருத்துவமனையில் அவர் படுத்திருக்கும்போது அண்ணனைப் பார்த்துக்கொள்ள வேண்டியது கணவர். அவரோ இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் மச்சானிடம் தலையாட்டலைத் தாண்டாத மனிதர். அந்தக் கவலையில்தான் அம்மா மத்தியானமெல்லாம் உட்கார்ந்து ஒற்றை விரலால் டைப் அடித்தார். காதைத் தடவினால் தலைவலி. முழங்கையைத் தட்டினால் குளிக்க வேண்டும். கன்னத்தை உப்பினால் வீட்டுக்காரர். இதை அடிக்கும்போது மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

முடித்ததும் மானிட்டர் பொத்தானை அமுக்குவார். திரை இருண்டுவிடும், கம்ப்யூட்டரை அணைத்தாயிற்று! மேஜைக்கடியில் பெட்டி உறுமிக்கொண்டே இருப்பதை ஃபிரிட்ஜ் மாதிரி அதன் சுபாவம் என்று விட்டுவிட்டார். கரண்ட் போனாலும் யூபிஎஸ் என்கிற பேட்டரிப் பெட்டி அதைத் தாங்கிப் பிடித்தது.

உறுமல் ஊளையாக மாறியபோது மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"ஃபேன் தேஞ்சுபோச்சுக்கா. பிளக்கைப் பிடுங்கிட்டு மாத்திடறேன்."

"இருங்க தம்பி. அதுக்கு முன்னாடி உள்ள என்னென்ன இருக்குன்னு காட்டிடுங்களேன்."

மெக்கானிக் சிரித்துக்கொண்டே பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினார். "எல்லாரும் இந்தப் பெட்டியையே சிபியூன்னு சொல்றாங்க. நிஜ சிபியூ இந்த ஃபேனுக்கு அடியில இருக்கிற சின்னச் சில்லு. யோசிக்கிற வேலையெல்லாம் அதோடது. இந்தப் பட்டை ரேம், உங்க தையல் மேஜைன்னு வச்சுக்குங்க. கையில எடுத்த வேலை அதுமேல இருக்கும். இது ஹார்ட் டிஸ்க், பீரோ. சேவ் பண்ணினா உள்ள மடிச்சு வச்ச மாதிரி."

"மேஜை மேலயே விட்டுட்டா?"

"கரண்ட்டை நிறுத்தினா மேஜை காலி."

"அப்ப நான் எழுதினது எங்க இருக்கு?"

"என்ன பேரு போட்டு சேவ் பண்ணீங்க?"

"பேரா? எழுதுவேன், இந்தப் பொத்தானை அமுக்குவேன். மறுநாள் அமுக்கினா எழுத்து அப்படியே இருக்குமே!"

பிளக் பக்கம் போன மெக்கானிக்கின் கை நின்றது. "அக்கா, நீங்க அணைச்சது திரையை மட்டும். இது நீங்க எழுத ஆரம்பிச்சதுலேர்ந்து தூங்கவே இல்ல. எழுதினது மொத்தமும் மேஜை மேலதான் கிடக்கு. நீங்க மட்டும் கேக்கலைன்னா..."

"முதல்ல அதைப் பீரோவுல வச்சுடுங்க தம்பி" என்றார் அம்மா. சேவ் செய்து, காகிதத்திலும் அச்சடித்துக் கையில் வாங்கிய பிறகுதான் போன உயிர் திரும்பி வந்தது. அதை அப்படியே கணவரிடம் கொடுத்தார்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் கணவர் பார்க்க வந்தார். காகிதங்கள் சட்டைப்பையில் கசங்கியிருந்தன.

"தலைவலின்னார், மாத்திரை கொடுத்தேன். கன்னத்தை உப்பினார், அது நான்தான்னும் தெரிஞ்சுது. என் மூஞ்சி அப்படியா இருக்கு?"

அம்மாவுக்குச் சிரித்தால் தையல் வலித்தது.

"ஆனா ஒண்ணு மட்டும் புரியல. காலையிலேர்ந்து ரூம் ரூமாப் போய் இதையே காட்டறார். நீ எழுதினதுல எவ்வளவு தேடியும் இது இல்ல." கணவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்து, நெஞ்சுக்கு முன்னால் மெல்ல மேலே இழுத்தார். நூல் இழுப்பதுபோல.

அம்மா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் கூடவே இருந்ததால் அதை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அது நான்தாங்க" என்றார். அதற்குமேல் பேச முடியாமல் அழுகை வந்துவிட்டது.