பிரஸ் பட்டன் வைத்த சட்டை

எங்கள் அப்பாவுக்கு வலது கையும் காலும் ஒருநாள் காலையில் இழுத்துக்கொண்டன. காப்பிச் செடிக்கு நிழல் தரும் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று எஸ்டேட்டே சொல்லும். அப்படிப்பட்டவரைச் சேலத்து ஆஸ்பத்திரியில் போட்டு, உயிரை மட்டும் மீட்டுக் கட்டிலில் கொண்டுவந்து கிடத்தினார்கள். வாயும் குழறிவிட்டது. அவர் பேசுவது அம்மாவுக்குப் பாதி புரியும், எனக்குச் சுத்தமாகப் புரியாது. நான் அப்போது நான்காம் வகுப்பு.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை பிசியோ அக்கா ஒருவர் வருவார். அப்பாவை நாற்காலியிலிருந்து எழச் சொல்வார், தன் விரல்களை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொல்வார், சட்டையை மாட்டிப் பட்டன் போடச் சொல்வார், வாசல் வரை நடக்கச் சொல்வார். அதன்பிறகு கையைக் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பார். அவர் வருகிற நாளில் அப்பா விடிந்ததிலிருந்தே முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பயத்தில்தான் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா நினைத்தாள்.

பயப்படக் காரணம் இருந்தது. அந்த அக்கா வந்து இறங்குவது எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டருடைய ஜீப்பில், அதுவும் முன் சீட்டில். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளுக்கு அந்த ஜீப்பில் வருகிறவர் எவரானாலும் முதலாளி பக்கத்து ஆள்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, வாழவந்தியிலிருந்து வந்திருந்தார். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று மட்டும் பார்க்க மாட்டார்.

"ஏனக்கா, வேலை செய்யற ஆளுக்குத்தானே எஸ்டேட்டு ஊடு? ஆளு வேலைக்கு ஆகாதுன்னு அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்துட்டா, காப்பிப் பழம் எடுப்பு தொடங்கறதுக்குள்ள காலி பண்ணுன்னு சொல்லிருவாங்க. சட்டி பானையோட எங்க போய் நிக்கறது?"

அம்மா அன்று சோறு பொங்கவில்லை. மறுநாள் மாமாவின் ஏற்பாடுகள் தொடங்கின. சாக்குகளை மடித்து நாற்காலியில் அடுக்கி மேலே போர்வையை விரித்தார். உயரத்தில் உட்கார்ந்தவர் எழுவது சுலபம். அப்பா சட்டையின் காஜாக்களைத் தைத்து மூடி, மேலே பழைய பட்டன்களைச் சும்மா ஒட்டவைத்து, உள்ளே பிரஸ் பட்டன் வைக்கச் செய்தார். இடது கையால் ஓர் அழுத்து அழுத்தினால் 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும். நடக்கத்தான் பெரிய வேலை. வீட்டின் இரண்டு பக்கச் சுவரோரமும் மூங்கில் கழிகளைக் கட்டி, அவற்றின்மேல் துணி காயப்போட்டார். போகும்போது இடது கைக்கு ஒரு கழி, திரும்பும்போது மறு கழி. ஐப்பசி மழையில் எல்லார் வீட்டிலும் துணி உள்ளேதான் காயும், யாருக்குச் சந்தேகம் வரும்? எங்களிடம் இருந்த துணி போதாமல் பக்கத்து வீட்டுச் சேலைகளையும் வாங்கித் தொங்கவிட்டதில் வீடு திருவிழாத் துணிக்கடையாகிவிட்டது. எனக்கோ கொண்டாட்டம்.

அக்கா வந்த அன்று மழை இருட்டு, கரண்டும் இல்லை. ஈரச் சேலைகளுக்குள் குனிந்து குனிந்து வந்தார். அப்பா எழுந்தார். சட்டையை மாட்டினார். சேலைகளுக்குப் பின்னே இடது கை கழியைப் பற்றியிருக்க, வாசல் வரை போய்த் திரும்பினார். வலது கை மட்டும் மார்புக்கு மேல் ஏறவில்லை. மாமா எனக்குக் கண்ணடித்தார்.

"கைக்கு இன்னும் நாளாகுமுங்க. ஆனா நடை நொம்ப நல்லா தேறிருச்சுங்கண்ணா" என்று அக்கா சிரித்தார். "இனி நான் ஊட்டுக்கு வர வேண்டியதில்லைங்க. நீங்களே டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து பயிற்சி எடுத்துக்கலாம். மஞ்சக்குட்டையில ஒருத்தரு எந்திரிக்கவே முடியாம கெடக்கறாரு, அவரைப் பார்க்கோணும்."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அக்கா பையை எடுத்தபோதுதான் அப்பா அதன் வாரை இடது கையால் பிடித்தார். விடவில்லை. வாய் என்னவோ குழறியது.

"மச்சானுக்கு உங்களை உட மனசு வரலீங்க!" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தோம். அம்மாதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அப்பாவுக்கு எவ்வளவு பலம் வந்துவிட்டது என்று நான் அதிசயப்பட்டேன்.

மறு வாரம் அம்மா, அந்த அக்கா எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டைப் பற்றித் தயங்கித் தயங்கி ரைட்டரிடம் விசாரித்தாள். "என்னம்மா ரிப்போர்ட்டு?" என்றாராம் அவர். "அந்தப் புள்ள கவர்மெண்டு ஆஸ்பத்திரி. மழையில நடந்து வருதேன்னு வண்டியில ஏத்திக்கிட்டேன். ஊட்டுக்கு என்ன இப்ப? நீ வேலைக்கு வர்றியல்ல, உம்பேர்ல இருந்துட்டுப் போவுது."

வீடு போகவில்லை. நாங்கள் முதலிலேயே ரைட்டரிடம் கேட்டிருந்தாலே போதும். அதற்குள் அந்த அக்காவை வேறு ஊர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். வேறு யாரையாவது வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டதற்கு, நடக்கிறவர்தானே, கூட்டி வாருங்கள் என்று டவுன் ஆஸ்பத்திரியில் மாமாவிடம் சொல்லிவிட்டார்கள். லைனிலிருந்து பஸ் ரோட்டுக்கு ஒரே சரிவு. அப்பாவை நாற்காலியில் வைத்து லைன்காரர்கள் ஒருமுறை தூக்கிப் பார்த்தார்கள், பாதி வழியில் வழுக்கியதும் திரும்பிவிட்டார்கள். ரைட்டரின் ஜீப்பைக் கேட்கலாம் என்றால் பழம் எடுப்பு தொடங்கிவிட்டது, வண்டி மூட்டைகளுக்கே போதவில்லை. பயிற்சி நின்றது. வலது கை மெல்ல மெல்ல மடங்கி விலாவோடு ஒட்டிக்கொண்டது. மாமா கழிகளை அவிழ்த்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார், போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தப் பருவம் முழுக்க ஜீப் எங்கள் வாசல் வழியாக மூட்டை ஏற்றிக்கொண்டு போய்வந்தது. அதன் சத்தம் மேட்டில் கேட்டதுமே அப்பாவின் இடது கை சட்டையைத் தேடும். எட்டி எடுத்து, திணறித் திணறி மாட்டி, 'டக் டக்'கென்று எல்லாப் பட்டனையும் அழுத்திக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்வார். ஜீப் நிற்காமல் போய்விடும். மாமா வைத்துக் கொடுத்த பிரஸ் பட்டன் என்றால் எங்கள் அப்பாவுக்கு அவ்வளவு ஆசை என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.