காலருக்குள் ஒரு நம்பர்

கனடாவுக்குப் போகும் மகன், வாங்கிவந்த கம்பளிக் கோட்டைப் போட்டுக் காட்டினான். மன்னார்குடிப் புழுக்கத்தில் அந்தக் கம்பளி வாசனை அறை முழுக்க ஏறியது.

அப்பாவின் மிலிட்டரி கோட்டிலும் இதே வாசனைதான். மார்கழிப் பனிக்குக்கூட அவர் அதைப் போட்டதில்லை. யாருக்கும் கொடுக்கவும் விடமாட்டார். நெல் குதிருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அவரோடு பட்டாளத்தில் இருந்தவர்கள் வந்தால் அதைத் தடவித் தடவிப் பேசுவார்கள். "அந்த மலைக் குளிருல இது மட்டும் இல்லேன்னா நாம இன்னைக்கு இருந்திருக்கவே மாட்டோம்யா!" அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

பத்து வயதில் ஒருநாள் அதைப் போட்டுப் பார்த்தேன். காலருக்குள் மையால் ஒரு நம்பர். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் எழுதியிருந்த அவருடைய பட்டாள நம்பர் அது இல்லை.

"இது யார் நம்பர்ப்பா?"

"கூட இருந்தவன். குண்டடி பட்டுக் கெடந்தான். என் கோட்டு நனைஞ்சு வெறைச்சுப் போச்சு. செத்துட்டான்னு நெனச்சு அவனோடதைக் கழட்டினேன்." காலரை மடித்து நம்பரை மறைத்தார். "ரெண்டாவது கைக்கு வரும்போது அவனே கையைத் தூக்கிக் குடுத்தாம்மா. நானும் கழட்டிக்கிட்டேன்."

மகனுக்கு வேர்த்துக் கொட்டியது. "கழட்டி விடும்மா" என்று கையைத் தூக்கினான். நான் கோட்டைத் தொடவில்லை.