தீர்த்தம் குடித்த கேமரா

என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் பேசிக்கொள்ளாமல் போனதற்குக் காரணம் டுரியான் பழம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். பினாங்கில் இதைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை, "யார் பக்கம் நியாயம்?" என்றுதான் கேட்பார்கள்.

அண்ணனுக்குக் கடலுக்கு அந்தக் கரையில், தாசேக் கெலுகோரில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் டுரியான் மரங்கள் உண்டு. மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு கூடை நிறையப் பழத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு, கடல் பாலத்தைத் தாண்டி, பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுனில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் தீவிலேயே, பாலிக் புலாவில் பிறந்தவர். விருந்தாளிகள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒரு சுளையை வாயில் போட்டுவிட்டு, "பரவால்ல. ஆனா நம்ம தீவுப் பழம் மாதிரி வருமா? அந்தக் கரைப் பழம் தண்ணி ருசி லா" என்றார். அண்ணன் எழுந்தார். மிச்சப் பழங்களைக் கூடையில் எடுத்து வைத்து, கூடையோடு காருக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து இவர் அவரை "உன் அண்ணன்" என்பார். அவர் இவரை "உன் வீட்டுக்காரர்" என்பார். மச்சான், மாப்பிள்ளை என்ற இரண்டு சொற்களும் எங்கள் குடும்பத்தில் செலாவணி இல்லாமல் போயின. நடுவில் நான் தபால்காரி.

இந்த ஆகஸ்டில் எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம். அப்பா இல்லாத என்னைக் கைபிடித்து மாதா கோயிலுக்குள் அழைத்துப் போனவர் அண்ணன். முப்பதாவது வருடப் பூசைக்கும் சாப்பாட்டுக்கும் அவர் வராவிட்டால் எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது. இதை இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். "அவரு கூப்பிட்டா வர்றேன்" என்றார் அண்ணன். "உன் அண்ணன்தானே, நீ கூப்பிடு" என்றார் இவர். முப்பது வருடம் ஓர் ஆணோடு குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியும், இந்த மாதிரி விஷயத்தில் கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை.

கேமரா உள்ளே வந்தது இந்த நிலைமையில்தான். ஜூன் மாதம் அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம். என் கைத்தொலைபேசி எடுக்கும் படங்களில் எல்லார் முகமும் மெழுகு பூசியது போல வழவழவென்று இருக்கும். எனக்கு அது பிடிக்காது. பழைய சாமான் சந்தையில் ஒரு டிஜிட்டல் கேமராவைப் பார்த்தேன். வெள்ளி நிறம், கைக்கு அடக்கம், நல்ல கனம். பின்பக்கத் திரை ஒரு தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது, மூலையில் ஒரு கறுப்புத் திட்டு வேறு. உள்ளே போடுகிற கார்டு இல்லை, அந்த வகைக் கார்டு இப்போது கடைகளில் வருவதே இல்லை என்றார் விற்றவர். ஆனால் கேமராவுக்கு உள்ளேயே பத்துப் பன்னிரண்டு படம் நிற்குமாம். போதும் என்று வாங்கிவிட்டேன்.

யாரோ பயன்படுத்திய பொருள். கல்யாணத்தை எடுத்தார்களோ, சாவு வீட்டை எடுத்தார்களோ, யார் கண்டது? பச்சைக் குழந்தையை இதால் எடுக்கப் போகிறோமே என்று மனசுக்குள் ஓர் உறுத்தல். எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெபமாலை, மோட்டார் சைக்கிள், புதுக் கார் என்று வரிசையாக நிறுத்தி மந்திரித்துக்கொள்வது வழக்கம். நானும் கேமராவோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற கார்க்காரர், தீர்த்தம் எல்லா இடமும் படட்டும் என்று நாலு கதவையும் முன்மூடியையும் பின்மூடியையும் திறந்து வைத்திருந்தார். அதைப் பார்த்து நானும் கேமராவின் பக்கவாட்டில், ஒயர் மாட்டும் ஓட்டைமேல் இருந்த சின்ன ரப்பர் மூடியைத் திறந்து நீட்டினேன். பேட்டரிக் கதவு மட்டும் திறக்க வரவில்லை. அது ஆண்டவர் செயல்.

எங்கள் பங்குச் சாமியாருக்குத் தாராளக் கை. அவர் தெளித்தால் மூன்று வரிசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். உப்பையும் மந்திரித்துத் தண்ணீரில் கலக்கும் பழைய முறையை விடாதவர். கேமராவுக்கு மூன்று வீச்சு கிடைத்தது. எனக்கு நிறைவாக இருந்தது.

ஞானஸ்நானம் முடிந்து அண்ணன் வீட்டு முற்றத்தில் சாப்பாடு. டுரியான் காலம். மேசை நிறையப் பழம் பிளந்து வைத்திருந்தது. என் வீட்டுக்காரர் எல்லார் காதிலும் விழும்படி, "எனக்கு வேணாம், வயிறு சரியில்ல" என்றார். பிறகு எல்லாரையும் படத்துக்கு நிறுத்தினேன். இவரும் அண்ணனும் நெடியவர்கள், பின்வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று உயரத்தைச் சாக்காக வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். இருவருக்கும் நடுவே இன்னொரு ஆள் நிற்கலாம். அவ்வளவு இடைவெளி விட்டு, அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது போல முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

பழைய கேமராவில் ஒரு குணம் உண்டு. பொத்தானை அமுக்கினால் உடனே எடுக்காது, யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். எல்லாரும் படத்துக்குள் வரவில்லையே என்று நான் பின்னால் போய்க்கொண்டே அமுக்கினேன். அது யோசித்து முடிப்பதற்குள் நான் லோங்காங்கில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் ஆழச் சாக்கடை, பட்டுப்புடவை, கையில் மட்டும் கேமரா நேராக. க்ளிக் என்றது. நிமிர்ந்தால் பின்வரிசையில் என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடத்தில் முதல் தடவை. எனக்கு இடுப்பு வலி தெரியவில்லை.

என்னைத் தூக்கிவிடுவதற்குள் இருவரும் பழையபடி முறைத்துக்கொண்டு நின்றார்கள். திரும்பும்போது காரில், "நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க, நான் பார்த்தேன்" என்றேன்.

"நான் எதுக்குச் சிரிக்கிறேன்? பொண்டாட்டி லோங்காங்ல விழுந்தா யாராச்சும் சிரிப்பாங்களா?"

அண்ணனைத் தொலைபேசியில் கேட்டேன். "நானா? அவர்கூடயா? உனக்குத் தலையில அடிபட்டிருக்கும் தங்கச்சி."

மற்றவர்கள் கைத்தொலைபேசியில் எடுத்த படங்களில் எல்லாம் இரண்டு பேரும் அந்த முறைப்போடுதான் இருந்தார்கள். நான் விழுந்த நேரத்தில் எல்லாரும் என்னிடம் ஓடி வந்துவிட்டார்கள். சாட்சி என் கேமரா ஒன்றுதான். அதன் திரையிலோ, விழுந்த வேகத்தில் கறுப்புத் திட்டு வளர்ந்து, சரியாகப் பின்வரிசையின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. லேப்டாப்பில் பெரிதாகப் போட்டால்தான் தெரியும். அந்தப் படத்தைக் கண் முன்னால் வைத்துவிட்டால் இருவரும் இறங்கி வருவார்கள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

அங்கே ஆரம்பித்தது கூத்து. கேமராவோடு வந்த ஒயரின் தலை அகலம். மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் எறும்பு நுழைகிற மாதிரி இரண்டே ஓட்டைகள். சூலியா தெருவில் பழைய கணினிச் சாமான் விற்கும் பாயிடம் போய் நடுவில் மாட்டுகிற ஒன்றை வாங்கி வந்தேன். மாட்டினால் லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. கேமராவோடு ஒரு குறுந்தட்டு தந்திருந்தார்கள், அதைப் போட லேப்டாப்பில் வாயே இல்லை. என் அலுவலகத்தில் இருந்து தட்டுப் போடுகிற பெட்டியை இரவல் வாங்கி வந்தேன். அது அரைமணி நேரம் உறுமிவிட்டு, இந்த மென்பொருள் இதைவிடப் பழைய கணினிக்கானது என்று சொல்லிவிட்டது. ஒரு சாமானுக்கு நான் ரொம்பப் புதுசு, இன்னொன்றுக்கு ரொம்பப் பழசு. அதிகாரி மாற்றி அதிகாரியிடம் அனுப்பும் அலுவலகங்களில் வேலை பார்த்திருக்கிறேன், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

இதில் ஆச்சரியம் என் வீட்டுக்காரர். சாதாரணமாக ஒரு பல்பை மாற்றவே பத்து தடவை சொல்ல வேண்டும். கேமரா விஷயத்தில் மட்டும், "நீ போ, உனக்கு வேலை இருக்கும், நான் பார்த்துக்கிறேன்" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். சிரிக்கவில்லை என்று நிரூபிக்கத்தான் மனுஷன் இந்தப் பாடு படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒயரை மாற்றினோம். மாற்றிய ஒயரையும் மாற்றினோம். கடைசியில் பாய், "அக்கா, கேமரால தண்ணி பட்டுச்சா?" என்றார்.

"ஒரு சொட்டு படல பாய்."

"லோங்காங்ல விழுந்தேன்னு சொன்னீங்க?"

"நான்தான் விழுந்தேன். கேமரா விழல."

இணையத்தில் தேடினால் அங்கேயும் முதல் கேள்வி அதுதான். என் வீட்டுக்காரரும் கேட்டார். எல்லாரிடமும் நெஞ்சில் கை வைத்து, இல்லை என்றே சொன்னேன். ரப்பர் மூடிக்குள் வெள்ளையாக என்னவோ பூத்திருந்ததைப் பார்த்தேன். பழைய சாமான், தூசியாக இருக்கும் என்று ஊதிவிட்டேன்.

ஜூலை முடியப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசையில் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். வழக்கம்போல என் கண்ணாடியில் சடசடவென்று விழுந்தது. துடைக்காமல் விட்டேன். பிரசங்கம் நீளம். பாதியில் கண்ணாடியில் இருந்த சொட்டுகள் காய்ந்து வெள்ளை வெள்ளையாக நின்றன. இந்த வெள்ளையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். பிறகு, "ஐயோ, தண்ணி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முன்வரிசைக்காரர் தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

தீர்த்தத்தைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதுவும் உப்புத் தண்ணீர். நானே மூடியைத் திறந்து நீட்டி வாங்கிக்கொண்டது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்து பார்த்தோம். ஓட்டைக்குள் இருந்த கம்பிகளில் ஒன்று கையோடு வந்துவிட்டது. இனி ஒயர் வழி இல்லை. இருக்கும் ஒரே வழி, அந்தப் பழைய வகைக் கார்டு ஒன்றைக் கேமராவுக்குள் போட்டு, உள்ளே இருக்கும் படங்களை அதில் நகல் எடுப்பது. அந்தக் கார்டுக்கு எங்கே போக?

அண்ணனிடம் அழாத குறையாகச் சொன்னேன். "என்கிட்ட ஒரு பழைய கேமரா கெட்டுப்போய்க் கெடக்கு. அந்தக் கார்டு சேருதான்னு பாரு" என்றார். இரண்டு நாளில் அவர் மகள் தீவுக்கு வந்தபோது, நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கார்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். சேர்ந்தது. கார்டைப் படிக்கிற கருவியைப் பாய் தன் கடையில் ஒரு டப்பாவின் அடியில் இருந்து தேடி எடுத்துக் கொடுத்தார்.

"நான் போடுறேன், நீ போய்த் தேத்தண்ணி கலக்கு" என்றார் என் வீட்டுக்காரர். நான் நகரவில்லை. சாக்கடையில் விழுந்தது நான்.

படம் வந்தது. லேப்டாப் முழுக்க வந்தது. முன்வரிசையில் எல்லார் வாயும் என்னைப் பார்த்துத் திறந்திருந்தது. பின்வரிசையில் இருவரும் தோளோடு தோள், கண் இடுங்கி, பல் தெரிய. "சிரிக்கலன்னீங்களே?" என்றேன். அவர் படத்தை மூடப் பார்த்தார். நான் கையைத் தட்டிவிட்டுப் பெரிதாக்கினேன். அவருடைய இடது கை மார்புக்கு நேரே இருந்தது. விரல்களுக்கு நடுவே பாதி தின்ற டுரியான் சுளை. மீசையிலும் மஞ்சள்.

அண்ணனைப் பார்த்தேன். அவர் சிரித்தது சாக்கடையில் விழுந்த என்னைப் பார்த்து இல்லை. அவர் முகம் அந்தக் கையின் பக்கம் திரும்பியிருந்தது.

இவர் லேப்டாப்பை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் பார்ப்பதற்கு முன்னால் அழித்துவிட வேண்டும். திட்டலாம் என்று திரும்பினால், மனுஷன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் அண்ணன் பார்த்திருக்காரு" என்றார் மெதுவாக.

"பார்த்திருக்காரு."

"உன்கிட்ட சொல்லலயா?"

"சிரிக்கவே இல்லன்னு சொன்னாரு."

மேசையில் இருந்த என் தொலைபேசியை எடுத்தார். அவருக்குக் காதில் வைத்துப் பேச வராது, எப்போதும் ஒலிபெருக்கியில்தான். மணி அடித்தது. அண்ணன் எடுத்து, "சொல்லு தங்கச்சி" என்றார்.

"நான்தான் மச்சான்."

நான் ஒலியைக் கூட்டினேன்.

"படம் வந்திருச்சு மச்சான்."

"கார்டு வேலை செஞ்சிச்சா?" என்றார் அண்ணன். பிறகு, "நான் யார்கிட்டயும் சொல்லல மாப்பிள்ள."

"தெரியும். ஆகஸ்ட்ல பூசைக்கு வந்திருங்க." எச்சில் விழுங்கினார். "வரும்போது பழம் கொண்டாங்க."

"தண்ணி ருசியா இருக்குமே."

"பரவால்ல, கொண்டாங்க."

அண்ணன் வந்தார். ஆகஸ்டில் மரத்தில் மிஞ்சியிருந்த நாலைந்து பழங்களோடு, மூன்று வருடத்துக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போன அதே கூடையில். பூசை முடிந்து கோயில் வாசலில் மூவரும் நின்றோம். படம் எடுக்க நான் கேமராவை வெளியே எடுத்த நேரம், பங்குச் சாமியார் எங்களை மந்திரிக்க வாளியோடு சிரித்துக்கொண்டே வந்தார். அவர் கை உயர்ந்ததுதான் தாமதம். என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் பாய்ந்து கேமராவை மூடினார்கள். ஒருவர் கைமேல் ஒருவர் கை. தீர்த்தம் முழுக்க அந்தக் கைகளில் விழுந்தது.