அக்கா இளைத்தது யாருக்கும் பிடிக்கவில்லை

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவளுக்கு இரத்தத்தில் சீனி ஏறியது. பெற்ற பிறகு இறங்கிவிட்டது. கிளினிக்கில் தமிழ் மிஸ்ஸி ஒருவர் இருந்தார். தாதிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் அக்காவைத் தராசில் ஏற்றி, முள்ளைப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“உடம்பக் கொறைக்கணும் தங்கச்சி. இப்ப எறங்கிருச்சுன்னு சும்மா இருந்தா பின்னால நெசமான இனிப்பு நீராவே வந்துரும். வந்தா லேசுல போகாது.”

துணைக்குப் போயிருந்த நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எங்கள் அப்பா இனிப்பு நீர் என்ற அந்தச் சர்க்கரை வியாதியில்தான் போனார். கடைசிக் காலத்தில் கண் தெரியாமல், சுவரைத் தடவித் தடவிக் குளியலறைக்குப் போனவர். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா, “நாளைக்குக் காலையில வர்றியா? நடக்கலாம்,” என்றாள்.

மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அவள், அத்தான், அவருடைய அம்மா, பிள்ளைகள். நான் பக்கத்துத் தெருவில் எங்கள் அம்மாவோடு இருந்தேன். டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. விடிந்தும் விடியாமலும் நாங்கள் அணைக்கட்டுக்குப் போகும் மேட்டுச் சாலையில் நடந்தோம். ஆரம்பத்தில் அக்கா பாதி வழியிலேயே மூச்சு வாங்கி, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். தேநீருக்கு இனிப்பு டின்பாலை நிறுத்தினாள். சோற்றைக் குறைத்தாள். அத்தான் ஆசையாக வாங்கி வரும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை மூத்த பிள்ளைக்குக் கொடுத்தாள். சில மாதங்களில் ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

“கால் பஞ்சு மாதிரி இருக்குடி,” என்றாள் ஒரு நாள், மேடு ஏறி முடித்ததும். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில் உறவில் ஒரு கல்யாணம் வந்தது. மண்டபத்தில் அவளைப் பார்த்த பெண்கள் எல்லாரும் கன்னத்தில் கை வைத்தார்கள். “என்னா இப்படி ஆயிட்ட? வீட்டுல சோறு போடறது இல்லியா?” என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி என்னைத் தனியே இழுத்து, காசநோயா என்று கேட்டாள். இதெல்லாம் அக்காவின் மாமியார் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் அழுதார். “நீ எலும்பும் தோலுமா நின்னா என்னையத்தானே கொடுமைக்காரின்னு சொல்லுவாங்க?”

அத்தான் கெட்டவர் இல்லை. “ஆளுங்க பேசுறாங்க லா. நடக்கிறத விட்டுரு. வீட்டு வேலை செய்யறியே, அது பத்தாதா?” என்றார்.

மறுநாள் காலை நான் கீழே காத்திருந்தேன். அக்கா படி இறங்கி வந்தாள், செருப்புக்கூடப் போடாமல். “நீ போடி. நான் வரல,” என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

நாற்பது வயதுக்கு முன்பே அவளுக்கு இனிப்பு நீர் வந்தது. விடாமல் நடந்திருந்தால் வராமலே இருந்திருக்குமா என்று பிற்பாடு ஒரு டாக்டரிடம் கேட்டேன். “உறுதியாச் சொல்ல முடியாது. தள்ளியாவது போயிருக்கும்,” என்றார். நான் நடப்பதை நிறுத்தவில்லை. அதே அப்பாவுக்குப் பிறந்தவள்தான். எனக்கு இன்னும் வரவில்லை.

ஒரு தைப்பூசத்தின்போது அவள் வெறுங்காலோடு இரதத்தின் பின்னால் நடந்தாள். தார்ச்சாலை அனலாய்க் கொதித்தது. நாங்கள் எல்லாரும் ஓரத்து நிழலுக்கு ஓட, அவள் மட்டும் நடுச்சாலையில் நிதானமாகப் போனாள். சாமி அருள் என்றார்கள் பார்த்தவர்கள். வீட்டில் காலைக் கழுவும்போதுதான் உள்ளங்கால் வெந்து தோல் உரிந்திருந்தது தெரிந்தது. அவளுக்குச் சுடவே இல்லை. பாதத்தில் உணர்ச்சி செத்துப் போய் எத்தனை நாளாயிற்றோ, அவளுக்கே தெரியாது.

ஒரு காலில் புண் ஆறவில்லை. மாமியார் தினமும் தரையில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வைத்து மருந்து போட்டார். விரல்கள் கறுத்தன. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்த அக்கா, “பிள்ளைங்கள இப்ப கூட்டிட்டு வராதீங்க,” என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு சிறுநீரகம் கெட்டது. தொண்ணூறுகளின் கடைசியில் அவள் படுத்த படுக்கையானபோது தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். “ஒரு வாய் கூடக் குடுடி, யாருக்கும் தெரியாது,” என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். நான் பஞ்சை நனைத்து அவள் உதட்டில் வைத்தேன். அவள் அதைச் சப்பிக்கொண்டே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.